சுருங்கும் இழையா, கரையும் இழையா? - உயிரணுப் பிரிவில் ஒரு நூற்றாண்டுத் தேடல்



தமிழ்ப்பள்ளியில் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட மாணவர்கள் சிலர் விடுமுறை நாள்களில் பாட ஐயங்களோடு என்னிடம் வருவதுண்டு. அவர்களுள் படிவம் 4இல் உயிரியல் பயிலும் மாணவி ஒருத்தி கேட்ட வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். உயிரணு இரண்டாகப் பிரியும்போது கதிர் இழைகள் சுருங்கிக் குரோமோசோம்களை இரு முனைகளுக்கும் இழுக்கின்றன எனப் பயிற்சி நூல்களில் ஒரே வரியில் எழுதியிருக்கும். "சுருங்குவது என்றால் ரப்பர் வளையம் சுருங்குவது போலவா ஐயா?" என்பது அவளது வினா. இல்லை என்பதே அதற்குரிய விடை. ஆயினும் அந்த ஒற்றைச் சொல்லை உறுதியாகச் சொல்ல அறிவுலகத்திற்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்த நூற்றாண்டின் கதை எந்தத் தேர்வுத்தாளிலும் வராது. எனினும் வகுப்பறையில் சொல்லத் தகுந்தது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். 'கதிர்' என்றவுடன் பிள்ளைகள் ஒளிக்கதிரையே எண்ணுகின்றனர். இங்கே சொல்லப்படும் கதிர் அதுவன்று. நூல் நூற்கும் இராட்டையில் நடுவே தடித்தும் இரு முனையும் கூர்த்தும் இருக்கும் கம்பிக்கும் கதிர் என்றே பெயர். மலாய் மொழியில் மாணவர்கள் படிக்கும் 'கெலெண்டோங்' என்பதும் நூல் சுற்றும் கருவியின் பெயர்தான். பிரியும் உயிரணுவினுள் தோன்றும் இழைத்தொகுதி அவ்வடிவில் இருப்பதால் அப்பெயரைப் பெற்றது. அவ்விழைகள் ஒவ்வொன்றும் உண்மையில் மிக மெல்லிய குழல்களின் கற்றை. அவற்றை நுண்குழல் என்று குறிப்பிடுவேன். குரோமோசோமுக்கு நிறப்புரி என்ற தமிழ்ப்பெயரும் உண்டு. பிள்ளைகளுக்குப் பழகிய பெயரையே இங்குப் பயன்படுத்துகிறேன்.

குரோமோசோம்களின் நடனத்தை முதன்முதலில் ஒழுங்காகக் கண்டு வரைந்தவர் செருமானிய உடற்கூற்றியலர் வால்ட்டர் பிளெமிங். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் வேறு, இவர் வேறு. 1843இல் பிறந்த இவர், 1876 முதல் கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். நிலக்கரித் தாரிலிருந்து உருவாக்கப்பட்ட புதிய அனிலின் சாயங்கள் அக்காலத்தில் ஆடைகளுக்கு நிறமேற்றப் பயன்பட்டன. பிளெமிங் அவற்றைக் கொண்டு உயிரணுக்களுக்கு நிறமேற்றினார். சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற நீர்நில வாழ்வியின் இளம்புழுவை அவர் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. அதன் குரோமோசோம்கள் பருமனானவை. நல்ல ஆய்வுக்கு நல்ல உயிரி வேண்டும் என்பதை இன்றும் அறிவியல் ஆசிரியர்கள் அறிவர்.

1882இல் அவர் வெளியிட்ட நூலில், உட்கருவிலுள்ள பொருள் நூல் நூலாகத் திரள்வதும், நடுவில் அணிவகுப்பதும், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து எதிரெதிர்த் திசைகளில் விலகுவதும் படிப்படியாக வரையப்பட்டிருந்தன. நூல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'மைட்டோசிஸ்' என்ற பெயரை அமைத்தவரும் அவரே. 'குரோமோசோம்' என்ற பெயர் பின்னர் 1888இல் வால்டையர் என்பவர் இட்டது. மெண்டல் தம் பட்டாணி ஆய்வை 1866இலேயே வெளியிட்டிருந்தும், தாம் காணும் நூல்களே மரபைச் சுமப்பவை என்பதை பிளெமிங் அறிந்திருக்கவில்லை. அவரைப் பற்றி இன்னொரு செய்தியும் கூறப்படுகிறது. மணம் புரியாத அவர், வீடற்றோருக்கு உணவளித்தும், பள்ளிக்குச் செல்ல இயலாத வறிய பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் கற்பித்தும் வந்தாராம். ஆசிரியர்கள் படிக்கும் கட்டுரையில் இதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

பிளெமிங்கும் அவர் காலத்து அறிஞரும் கதிர் இழைகளையும் கண்டனர். ஆனால் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அவர்கள் கண்டவை பெரும்பாலும் அமிலத்திலோ பிற வேதிப்பொருளிலோ இட்டுக் கொல்லப்பட்ட உயிரணுக்கள். உயிருள்ள உயிரணுவைச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் குரோமோசோம்கள் நகர்வது தெரியும். அவற்றை இழுக்கும் இழை தெரியாது. எனவே, 'அந்த இழைகள் மெய்யாகவே இருக்கின்றனவா, அல்லது முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு இறுகுவது போல, வேதிப்பொருள் பட்டவுடன் உயிரணுச் சாறு இழை இழையாக உறைந்து விடுகிறதா?' என்று பலர் ஐயுற்றனர். இது வீண் ஐயமன்று. கொன்ற பிறகு காண்பது உயிரோடிருந்தபோது இருந்ததுதான் என்பதற்கு என்ன உறுதி? இந்த வழக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தீர்ப்பின்றிக் கிடந்தது.

தீர்ப்பு வந்த வழி, போரால் நொறுங்கிய ஜப்பானில் தொடங்குகிறது. இப்பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

தோக்கியோவுக்குத் தெற்கே கடலோரத்தில் மிசாகி என்னுமிடத்தில் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் நிலையம் உள்ளது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் அதைக் கடற்படை எடுத்துக்கொண்டு சிறு நீர்மூழ்கிகளின் தளமாக்கியது. 1945இல் ஜப்பான் பணிந்தது. அமெரிக்கப் படை வந்து எல்லாவற்றையும் அழித்துவிடுமோ என அஞ்சிய கட்சுமா டான் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அமெரிக்க மனைவியை மணந்தவர். அவர் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பை எழுதி அங்கே வைத்துவிட்டு வெளியேறினார். இது அறுபதாண்டுப் பழைமையுடைய ஆய்வுக்கூடம், போர்க்கருவிகளை அழித்துக்கொள்ளுங்கள், ஆனால் அமைதிக்கால ஆய்வு தொடர இந்தக் கருவிகளை விட்டுவையுங்கள் என்பது அதன் சாரம். பெயரை எழுதாமல், கடைசியாக வெளியேறுபவன் என்று மட்டும் கையொப்பமிட்டார். அவ்வறிவிப்பு அமெரிக்க இதழில் வெளியாகிப் புகழ்பெற்றது. மாசசூசெட்சு மாநிலத்து உட்ஸ்ஹோல் கடல்வாழ் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் அது காக்கப்பட்டு வருகிறது. மிசாகி நிலையம் அவ்வாண்டின் இறுதியிலேயே பல்கலைக்கழகத்திடம் திரும்பவும் ஒப்படைக்கப்பட்டது.

டானிடம் பயின்ற மாணவர் சின்யா இனோவே. 1921இல் பிறந்தவர். சீரான முறையில் அடுக்கப்பட்ட நுண்ணிய பொருள்களினூடே முனைவாக்கப்பட்ட ஒளி செல்லும்போது அவை தனித்து ஒளிரும் என்பதும், பிரியும் உயிரணுவின் கதிர் அவ்வாறு ஒளிர்வதாகச் செருமனியில் ஷ்மிட் என்பவர் 1930களில் கண்டிருந்ததும் அவர்களுக்குத் தெரியும். (முனைவாக்கும் கண்ணாடித் தகடுகள் இரண்டைக் குறுக்காக வைத்தால் இருண்டுவிடும், இடையே ஒட்டுநாடாத் துண்டொன்றை வைத்தால் அது மட்டும் ஒளிரும். செலவில்லாத செய்முறை. வகுப்பில் செய்து காட்டலாம்.) ஆனால் உயிருள்ள கதிரின் ஒளிர்வு மிக மிக மங்கலானது. அதைக் காணத்தக்க கருவி விலைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் போருக்குப் பிந்திய ஜப்பானில் யார் வாங்குவது? இனோவே தாமே ஒன்றைக் கட்டினார். கைவிடப்பட்ட இயந்திரத் துப்பாக்கியின் அடித்தளம் நுண்ணோக்கியின் தாங்கியாயிற்று. தேயிலைத் தகரக்குவளை விளக்கின் உறையாயிற்று. துப்பாக்கி நின்ற பீடத்தின் மேல் கடல்முள்ளெலியின் முட்டை உயிரோடு பிரிவதை ஓர் இளைஞர் பார்த்துக் கொண்டிருந்தார் என்பதை எண்ணும்தோறும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1948இல் இனோவே அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற்கு மேற்படிப்புக்குச் சென்றார். அங்கே தம் கருவியை மேலும் செம்மைப்படுத்தினார். அல்லிமலரின் மகரந்தத் தாயணுவிலும், கடற்புழு ஒன்றின் முட்டையிலும் கதிர் இழைகள் உயிருள்ள நிலையிலேயே தெளிவாகத் தெரிந்தன. அவற்றைத் திரைப்படமாகவும் எடுத்தார். 1953இல் வெளியான அவரது கட்டுரைக்குப் பின் இழைகள் மெய்யா பொய்யா என்ற வழக்கு முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், அவருடைய ஆசான் டானும் அமெரிக்கர் டேனியல் மேசியாவும் சேர்ந்து, கடல்முள்ளெலி முட்டைகளிலிருந்து கதிர்த்தொகுதிகளை முழுதாகப் பிரித்தெடுத்தனர். இருவரும் பென்சில்வேனியாவில் ஒரே பேராசிரியரிடம் பயின்றவர்கள். இடையில் அவர்தம் நாடுகள் ஒன்றையொன்று குண்டுவீசி அழித்தன. 1952இல் அவர்கள் ஒரே ஆய்வுமேசையில் நின்றனர்.

இனோவே கண்டது இழை இருப்பதை மட்டுமன்று. உயிரணுவைக் குளிரவைத்தால் அந்த இழைகள் சில நிமிடங்களில் மறைந்து போயின. மீண்டும் வெதுவெதுப்பாக்கினால் திரும்பத் தோன்றின. உயிரணுவோ எந்தக் கேடுமின்றித் தன் பிரிவைத் தொடர்ந்தது. தசைநார் இப்படிச் செய்வதில்லை. ரப்பரும் செய்வதில்லை. ஆகவே இழை என்பது நிலையான கயிறன்று. எங்கும் சிதறிக் கிடக்கும் சிறு கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இழையாவதும், கழன்று மறுபடி சிதறுவதும் இடையறாது நிகழ்கின்றன என அவர் கருதினார். இதைவிட வியப்பானது அவர் கால்சிசின் என்ற நஞ்சைக் கொண்டு செய்த சோதனை. கடற்புழுவின் முட்டையில் கதிரின் ஒரு முனை உயிரணுவின் ஓரத்தில் பற்றிக்கொண்டிருக்கும். நஞ்சை இட்டவுடன் கதிர் கரைந்து குறுகியது. குறுகும்போது குரோமோசோம்களையும் அந்த ஓரத்திற்கு இழுத்துச் சென்றது. கரைவதே இழுக்கும் என்ற எண்ணத்தின் விதை அங்கே விழுந்தது.

அந்தக் கால்சிசின் தமிழருக்கு அயலானதன்று. ஐரோப்பாவில் அதை ஒரு குரோக்கசு வகைச் செடியிலிருந்து 1820இல் பிரித்தெடுத்தனர். அதே வேதிப்பொருள் நம் செங்காந்தளிலும் உண்டு. சங்கப் புலவர்கள் மகளிர் விரல்களுக்கு உவமையாக்கிய அதே காந்தள்தான். ஈழத்தில் கார்த்திகைப்பூ என்பர். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் உழவர்கள் அதைப் பயிரிட்டு, கால்சிசின் எடுப்பதற்காக விதைகளை விற்கின்றனர். கீல்வாத வகை ஒன்றுக்கு அது மருந்து. அளவு மீறினால் உயிரைக் குடிக்கும். வீட்டுத்தோட்டத்தில் அழகுக்காக வளர்ப்போர் பிள்ளைகளை அதன் கிழங்கருகே விடலாகாது.

இந்நஞ்சு கதிரைக் கட்டவிடாமல் தடுப்பதால், பிரியத் தொடங்கிய உயிரணு நடுவழியில் நின்றுவிடும். குரோமோசோம்கள் இழுபடாமல் சிதறிக் கிடக்கும். எண்ணுவதற்கு அதைவிட நல்ல நிலை வேறில்லை. இதைப் பயன்படுத்தியவர் நம் அண்டைநாட்டில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஜோ ஹின் சியோ 1919இல் சாவகத்தில் சீனக் குடும்பத்தில் பிறந்தார். ஒளிப்படக் கலைஞரான தந்தையிடம் படமெடுக்கும் கலையைக் கற்றார். வேளாண்மை பயின்று பயிர் ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது ஜப்பானியர் படையெடுத்து வந்தனர். மூன்றாண்டுகள் சிறைமுகாமில் துன்புறுத்தப்பட்டார். போருக்குப் பின் ஐரோப்பா சென்று ஸ்பெயினில் பணியாற்றினார். விடுமுறைகளில் சுவீடனின் லுண்ட் நகரில் ஆல்பர்ட் லெவானின் ஆய்வகத்திற்குச் செல்வார். மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்று 1923 முதல் உலகெங்கும் பாடநூல்களில் எழுதப்பட்டிருந்தது. 1955 டிசம்பர் 22ஆம் நாள் விடியற்காலை, கால்சிசினால் நிறுத்தி, நீர்த்த கரைசலால் உப்பவைத்த மனித நுரையீரல் உயிரணுக்களைப் படமெடுத்து எண்ணினார் சியோ. 46. மறுபடியும் 46. மறு ஆண்டு சனவரியில் கட்டுரை வெளிவந்தது. முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பல்லாயிரம் ஆசிரியர்கள் 48 என்று கற்பித்திருந்தனர்! சிறந்த கண்களும் கருவிகளும் இருந்தும், எண்ணிக்கை முன்பே மனத்தில் இருந்தால் கண் அதையே காண்கிறது போலும்.

மீண்டும் இழைக்கு வருவோம். மின்னணு நுண்ணோக்கி வந்த பிறகும் இழையின் உள்ளமைப்பு நெடுநாள் பிடிபடவில்லை. காரணம் எளியது. திசுவைக் குளிர்ந்த நிலையில் பதப்படுத்தினார்கள். குளிரில் அவை மறைந்தன. 1963இல் குளூட்டரால்டிஹைடு என்ற புதிய பதப்படுத்தி வந்தவுடன், லெட்பெட்டர், போர்ட்டர் ஆகியோர் தாவர உயிரணுக்களில் உள்ளீடற்ற நுண்ணிய குழல்களைக் கண்டனர். அவ்வாண்டுதான் நுண்குழல் என்ற பெயர் பிறந்தது. விட்டம் 25 நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் குறுக்கே ஆயிரக்கணக்கான குழல்களை அடுக்கிவிடலாம். சிகாகோவில் போரிசியும் டெய்லரும், கதிரியக்கமேற்றிய கால்சிசின் எதைச் சென்று பற்றுகிறது எனத் தொடர்ந்து 1967இல் அதன் புரதத்தைப் பிடித்தனர். நஞ்சையே ஒற்றனாக அனுப்பிய உத்தி அது. 1968இல் ஜப்பானியர் மோரி அதற்குத் தூபுலின் எனப் பெயரிட்டார். தூபுலின் இணைகள் தலைவால் கோத்து ஒரு சரமாகும். அத்தகைய 13 சரங்கள் வட்டமாக நின்று குழலாகும்.

பொருள் தெரிந்துவிட்டது. இயக்கம்? குழல்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்றனர் சிலர். இனோவேயின் வழியில், முனையில் கழன்று குறுகுகின்றன என்றனர் வேறு சிலர். 1983இல் புரூஸ் நிக்ளஸ் வெட்டுக்கிளியின் விந்துத்தாயணுவுக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியை நுழைத்து, நகரும் குரோமோசோமை எதிர்த்துப் பிடித்து, அதை நிறுத்த எவ்வளவு விசை வேண்டும் என அளந்தார். ஏறத்தாழ 700 பிக்கோநியூட்டன். உயிரணுச் சாற்றில் குரோமோசோமை நகர்த்தத் தேவையானதைவிட அது பல்லாயிரம் மடங்கு! ஆனால் நடையோ ஆமையினும் மெதுவானது. நிமிடத்திற்கு ஒரு மைக்ரோமீட்டர் அளவு. வலிமை மிக்க எருது, வேண்டுமென்றே மெதுவாக நடப்பது போன்றது.

1984இல் டிம் மிட்சிசன், மார்க் கிர்ஷ்னர் என்ற இருவர் கலிபோர்னியாவில் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். ஒரே குவளைக்குள் ஒரே நேரத்தில் சில நுண்குழல்கள் வளர்ந்துகொண்டும், பக்கத்திலுள்ளவை விரைந்து சிதைந்துகொண்டும் இருந்தன. ஒவ்வொரு தூபுலின் இணையும் ஜி.டி.பி என்ற ஆற்றல் மூலக்கூற்றைச் சுமந்துவந்து குழலில் சேர்கிறது. சேர்ந்த சிறிது நேரத்தில் அந்த ஆற்றல் மூலக்கூறு உடைகிறது. புதிதாய்ச் சேர்ந்தவை முனையில் தொப்பி போல் இருக்கும்வரை குழல் நிமிர்ந்து நிற்கும். தொப்பி கழன்றால் உள்ளே இறுகிக் கிடந்த வளைவு வெளிப்பட்டு, குழல் முனையிலிருந்து சரசரவெனப் பிரியும். அதாவது, ஆற்றல் குழலைக் கட்டும்போதே அதன் சுவரில் சேமிக்கப்படுகிறது, இடியும்போது வெளிப்படுகிறது. உயிரணுவுக்கு இதனால் என்ன பயன்? கதிரின் முனைகளிலிருந்து குழல்கள் எல்லாத் திசையிலும் நீண்டு, ஒன்றும் அகப்படாவிட்டால் சிதைந்து, மீண்டும் நீண்டு, இருட்டில் கைநீட்டித் துழாவுபவர் போலக் குரோமோசோமைத் தேடுகின்றன. பற்றியது நிலைக்கும், பற்றாதது மறையும்.

எஞ்சிய வினா, பற்றிய குழல் எந்த முனையில் குறுகுகிறது என்பது. 1987இல் கோர்ப்ஸ்கி, சம்மக், போரிசி ஆகியோர் பன்றிச் சிறுநீரக உயிரணுக்களுக்குள் ஒளிரும் தூபுலினைச் செலுத்தி, கதிர் முழுவதும் ஒளிரச் செய்தனர். பின்னர்க் குரோமோசோமுக்கும் முனைக்கும் இடையே ஓரிடத்தில் மட்டும் லேசர் பாய்ச்சி ஒளிர்வை அழித்து ஒரு கரும்பட்டையை உண்டாக்கினர். கயிறு முனையில் சுருட்டப்பட்டால் கரும்பட்டையும் முனையை நோக்கி நகர வேண்டும். குழல் குரோமோசோம் பக்கத்தில் கழன்றால் பட்டை நின்ற இடத்திலேயே நிற்கும். குரோமோசோம்தான் அதை நெருங்கி வரும். பட்டை நின்றது. குரோமோசோம் வந்தது. இதைவிட எளிய சோதனையை நான் படித்ததில்லை. ஆரம்பப்பள்ளி மாணவருக்கும் இதன் தருக்கம் விளங்கும். எல்லா உயிரணுக்களிலும் இதுவே முழுக்கதை என்று கொள்ளலாகாது. முனைப்பக்கமும் குழல் கழன்று, முழுக் குழலும் மெல்ல முனையை நோக்கி ஒழுகுவதும் பின்னர்க் காட்டப்பட்டது. பூச்சிகளிலும் தவளை முட்டைச் சாற்றிலும் அதன் பங்கு பெரிது.

இனி, மாணவியின் வினாவுக்குரிய விடை கிட்டிவிட்டது. குழல் சுருங்குவதில்லை. குரோமோசோம் தன் பிடியில் இருக்கும் குழலின் முனை கழலக் கழல, அதோடு பின்வாங்கிச் செல்கிறது. ஆனால் அறிவுள்ள பிள்ளை உடனே அடுத்ததைக் கேட்கும். கரைந்துகொண்டேயிருக்கும் ஒன்றை எப்படி விடாமல் பிடிப்பது? பற்றியிருக்கும் இடமே அடுத்த நொடியில் இல்லாமற் போகிறதே!

ஈசுட்டு நுண்ணுயிரியில் இதற்குக் கிடைத்த விடை மிக அழகானது. டாம்1 என்ற புரதத்தொகுதி நுண்குழலைச் சுற்றி வளையலாக அமையும் என்று 2005இல் கண்டனர். குழல் முனையில் பிரியும் 13 சரங்களும் வாழைப்பழத்தோல் உரிவதுபோல் வெளிப்புறமாக மடங்குகின்றன. பழத்தின் மேல் ஒரு வளையலை மாட்டிவிட்டு, தோலை நுனியிலிருந்து உரித்து வாருங்கள். மடங்கும் தோல் வளையலைக் கீழே தள்ளிக்கொண்டே வரும் அல்லவா? மனித உயிரணுவில் அந்த வளையல் இல்லை. அங்கே ஸ்கா என்ற வேறொரு புரதத்தொகுதி உதவுகிறது. ஈசுட்டுக்கும் மனிதருக்கும் பொதுவான முதன்மைப் பிடி, என்.டி.சி.80 என்ற நீண்ட புரதத்தொகுதி என்பது 2006இல் உறுதியாயிற்று. ஒவ்வொன்றின் பிடியும் தளர்வானது. ஆனால் பல கைகள் சேர்ந்து பிடிப்பதால், சில கைகள் விட்டாலும் மற்றவை விடாமல் முன்னேறுகின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் நின்ற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இவற்றோடு, ஆற்றலைச் செலவிட்டுக் குழலின்மேல் நடந்து செல்லும் டைனின், கினெசின் என்ற இயக்கிப் புரதங்களும் உள்ளன. ஆயினும் 1988லேயே, அந்த ஆற்றல் மூலக்கூறு இல்லாத கரைசலிலும், குழல் கரைவதனாலேயே குரோமோசோம் இழுபடும் எனச் சோதனைக்குழாயில் காட்டிவிட்டனர்.

இத்தனை நுட்பமும் பிழைத்தால் என்ன ஆகும் என்பது பெற்றோருக்கு உரிய பகுதி. கருமுட்டை உருவாகும்போது ஓர் இணை குரோமோசோம் பிரியாமல் ஒரே பக்கம் சென்றுவிட்டால், பிறக்கும் குழந்தையின் உயிரணுக்களில் 46க்கு மாறாக 47 இருக்கும். 21ஆம் குரோமோசோம் மூன்றாகும் நிலையே டவுன் நோய்க்குறி. சியோவின் எண்ணிக்கை வந்து மூன்றே ஆண்டுகளில், 1959இல், பாரிசு நகர ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தனர். பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும் முன்பே பிரிவைத் தொடங்கிப் பாதியில் நின்று, பல்லாண்டுகள் காத்திருக்கின்றன. அக்காலம் முழுதும் குரோமோசோம் இணைகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் புரதம் மெல்லத் தேய்கிறது. தாயின் வயது ஏற ஏற இப்பிழை மிகுவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. தாய் எதை உண்டாள், எந்தக் கிரகணத்தில் வெளியே சென்றாள் என்பவற்றுக்கும் இதற்கும் எத்தொடர்பும் இல்லை. சிறப்புக்கல்வி வகுப்புக்குப் பிள்ளையை அழைத்துவரும் தாய்மார்களிடம் உறவினர் கேட்கும் கேள்விகளை நான் அறிவேன். அவர்களுள் ஒருவரேனும் இதைப் படித்துவிட்டு அக்கேள்விகளை நிறுத்தினால் மகிழ்வேன்.

உயிரணு இப்பிழையைத் தடுக்க முயலாமலும் இல்லை. 1995இல் நிக்ளசும் அவருடன் பணியாற்றிய லீயும் கும்பிடுபூச்சியின் உயிரணுக்களில் கண்டது நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு குரோமோசோம் துணையின்றித் தனித்து ஒரே முனையில் தொற்றிக்கொண்டிருந்தால், அந்த உயிரணு பிரியாமல் பல மணிநேரம் காத்திருந்தது. அந்தத் தனிக் குரோமோசோமை ஊசியால் எதிர்ப்பக்கம் மெல்ல இழுத்துப் பிடித்தார்கள். இருபுறமும் இழுபடுகிறது என்று 'நம்பிய' உயிரணு, காத்திருப்பை விட்டுப் பிரியத் தொடங்கியது. எல்லாம் சரியாகப் பற்றப்பட்டுள்ளதா என்பதை உயிரணு இழுவிசையைக் கொண்டே உணர்கிறது.

மருத்துவர்கள் இதே கதிரைக் குறிவைக்கின்றனர். வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின், 1960களிலிருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றியமையாத மருந்தாக விளங்குகிறது. அது நுண்குழலைக் கட்டவிடாது. யூ மரத்தின் பட்டையில் கிடைத்த டாக்சோல் நேர்மாறானது, குழலைக் கழலவிடாது. 1971இல் வால், வானி என்போர் அதன் அமைப்பை வெளியிட்டனர்; வானி இந்தியாவில் பிறந்தவர். அது நுண்குழலை இறுக்கிவிடுகிறது என்பதை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். கட்டாவிட்டாலும் பிரிவு நிற்கும், கழலாவிட்டாலும் பிரிவு நிற்கும். நரம்புகளுக்கும் நுண்குழல் வேண்டுமாதலால், இம்மருந்துகளைப் பெறும் பிள்ளைகளுக்குக் கைகால் மரத்துப்போவதுண்டு. அத்தகைய மாணவர் வகுப்பில் இருந்தால், எழுத்து கோணலாவதையும் எழுதுகோல் நழுவுவதையும் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள்.

இனோவே 2019இல் தம் 98ஆம் வயதில் மறைந்தார். அவர் எடுத்த அல்லி மகரந்தத் தாயணுவின் அசைபடம் பற்றி மேலே குறிப்பிட்டேன். கறுப்பு வெள்ளைப் படம், ஒலியில்லை. படிவம் 4 ஆசிரியர்கள் வெங்காய வேர்நுனிச் செய்முறைக்கு முன்னர் அத்தகைய அசைபடம் ஒன்றைக் காட்டிவிட்டு, வேர்நுனித் தகட்டை நுண்ணோக்கியில் வைக்கச் சொல்லுங்கள். தகட்டில் குரோமோசோம்கள் அசையாமல் கிடக்கும். இழைகள் தெரியவே தெரியா. ஏன் தெரியவில்லை என்று பிள்ளைகளையே கேளுங்கள்.